கிழக்குப் பங்கின் முப்பத்தெட்டு மரங்கள்

கீழப்பூண்டி,
ஆண்டிமடம் வழி.
02.08.2021

தம்பி முத்தமிழுக்கு அக்கா ஜெயசுதா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ, சத்யப்பிரியா, குழந்தை அபிநயா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிவிட்டாய் என்று சத்யப்பிரியா சொன்னாள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாயா?

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பத்துத் தடவை போன் போட்டுவிட்டேன். பத்துத் தடவையும் உன் பொண்டாட்டிதான் எடுக்கிறாள். "அவரு குளிக்கிறாருங்க அண்ணி" என்கிறாள். காலை ஏழு மணிக்கும் குளிக்கிறாய், மதியம் மூன்று மணிக்கும் குளிக்கிறாய். பெரம்பலூரில் தண்ணீர் அவ்வளவு தாராளமாகவா வருகிறது? அதனால்தான் காகிதம் எடுத்தேன். இதைக் குளிக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

அப்பா வைத்த முந்திரித் தோப்பில் மேற்குப் பங்கு நாற்பது மரம் எனக்கு, கிழக்குப் பங்கு முப்பத்தெட்டு மரம் உனக்கு. அப்பா கருமாதியன்று "பொம்பளைக்கு எதுக்குத் தோப்பு" என்று நாலு பேர் முன்னால் கேட்டாயே, அந்தப் பொம்பளையின் பங்கு சுத்தமாக இருக்கிறது. ஆம்பளையின் பங்கை வந்து பார். குமட்டிக்கொண்டு வரும். கிளைகளின் அடிப்பக்கம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. பட்டை வெடித்துப் பிசின் ஒழுகுகிறது, அதில் ஈ மொய்க்கிறது. நுனியிலிருந்து கிளை கிளையாகக் காய்ந்து வருகிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் அன்றைக்கு அந்தக் கையால் சோறு அள்ள மனம் வரவில்லை.

காய்ந்த கிளைகளை வெட்டி எரித்தால்தான் இது நிற்கும். மரம் வெட்டும் பழனிவேலைக் கூட்டிவந்தேன். உடையவர் சொல்லாமல் அவன் ரம்பம் வைக்க மாட்டானாம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை, பங்கு பிரித்த மரமென்றால் உடையவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் போனில் சொன்னாலும் போதும் என்கிறான்.

ஒரே ஒரு வார்த்தை. "வெட்டுங்க" என்று சொன்னால் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று "அரியலூர், அரியலூர்" என்று அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கக் கத்துகிற கண்டக்டர் நீ. உனக்கு இது ஒரு கஷ்டமா? ஐப்பசி மழைக்காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கும். அடிக்கும்போது உன் பூசணத்தை என் மரத்துக்குக் கொண்டுவரும். அதற்கு முன் சொல்லிவிடு.

குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா,
ஜெயசுதா

*

பெரம்பலூர்,
29.08.2021

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சிமெண்ட் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தால் மாமாவுக்கு இருமல் வரும் என்பாயே, இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கிடைத்தது. கிழக்குப் பங்கில் நோய் வந்த கிளைகளை வெட்ட எனக்கு முழுச் சம்மதம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் காகிதத்தையே பழனிவேலிடம் காட்டு.

போனில் பேச இப்போது தோதுப்படவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். வண்டிக்கு வேறு கண்டக்டர் போட்டுவிட்டார்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

மாமா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி,
மு. முத்தமிழ்

*

கீழப்பூண்டி,
10.09.2021

தம்பி முத்தமிழுக்கு.

உன் மாமாவுக்கு இருமல் தேவலாம். ரெட்டிபாளையம் சிமெண்ட் தூசியில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு இருமல் வராமல் பன்னீரா வரும்? அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

காகிதத்தைப் பழனிவேலிடம் காட்டினேன். வாங்கித் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, சீட்டை யாரு வேணாலும் எழுதலாம். நாலு வருசத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு சீட்டை நம்பி ஒருத்தரு வேம்பைச் சாச்சேன். ரெண்டு நாளு ஸ்டேசன்ல குந்த வச்சுட்டாங்க. ஒடயவரு வாயால சொல்லட்டும். போனை ஸ்பீக்கர்ல போடுங்க, நாலு பேரு கேட்டுக்கட்டும். சொன்ன அடுத்த நிமிசம் ரம்பத்தை எடுக்கறேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. பங்காளிச் சண்டையில் முதலில் அடி வாங்குவது மரம் வெட்டினவன்தான். வேறு இரண்டு பேரைக் கேட்டேன், அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

வீட்டில்தான் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் சும்மா இருக்கிறவனுக்குப் போனில் பேசத் தோதுப்படவில்லையா? யாரிடம் சொல்கிறாய் இந்தக் கதையை? உரக்கடைக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பொடி ஒன்று, மஞ்சள் பொடி ஒன்று, வாசனையாக ஏதோ டானிக் ஒன்று தலையில் கட்டிவிட்டான். மூன்றையும் என் பங்கில் அடித்தேன். நான் இந்தப் பக்கம் அடிக்க அடிக்க, நோய் அந்தப் பக்கம் உன் மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேற்று என் பங்கில் முதல் மரத்தில் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தேன்.

எனக்குக் காகிதம் வேண்டாம். உன் குரல் வேண்டும். அரை நிமிஷம் போதும்.

சத்யப்பிரியாவுக்கு என் விசாரிப்பு.

ஜெயசுதா

*

பெரம்பலூர்,
18.10.2021

அக்காவுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடையில் ஒரு வேலையாகத் திருச்சி போய் வந்தேன். எல்லாரும் நலம். உன் முட்டிவலி இப்போது எப்படி?

போனில் பேச இயலவில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்காதே.

நோயைப் பற்றிச் சொல்கிறேன். உன் பங்கில் வந்த மரத்தை இன்றைக்கே பார். இந்த வியாதி வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் போயிருக்கும். பட்டையில் நிறம் எங்கே முடிகிறதோ அங்கே வெட்டினால் போதாது. நல்ல மரம் என்று தோன்றுகிற இடத்திலும் ஒரு சாண் சேர்த்து எடுக்க வேண்டும். ஐயோ பாவம் என்று கொஞ்சம் விட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தின்னும். அப்புறம் இரண்டாம் முறை வெட்ட வேண்டிவரும், அது முதல் முறையைவிடக் கொடுமை. வெட்டின வாயில் அன்றைக்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பசையைப் பூசு. இரும்புச் சட்டியில் கலக்காதே, பிளாஸ்டிக் வாளியில் கலக்கு. வெட்டின கிளையை வரப்பில் போட்டு வைக்காதே, எரித்துவிடு.

மரத்தில் அழுகல் வாடை வருகிறதா? வந்தால் எழுது.

தம்பி,
முத்தமிழ்

*

கீழப்பூண்டி,
06.11.2021

முத்தமிழுக்கு.

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

தீபாவளி வந்தது, போனது. கூடப் பிறந்தவன் ஒரு புடவையோடு வருவான் என்று இரண்டு வருடமாக நான் எதிர்பார்ப்பதில்லை. போன் வரும் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுமதியின் தம்பி திருப்பூரிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டான். என் தம்பிக்கு அரியலூர் தாண்டி வர வழி தெரியவில்லை, போனில் விரல் வைக்கவும் முடியவில்லை. ஆனால் எனக்கே பாடம் நடத்துகிறாய். ஒரு சாண் சேர்த்து வெட்டு, பிளாஸ்டிக் வாளியில் கலக்கு. எனக்குத் தெரியாதா? இருபது வருடமாகத் தோப்பில் நிற்பது நானா நீயா?

பத்து நாளாக மழை விடவில்லை. உன் பங்கிலிருந்து சாரல் அப்படியே இந்தப் பக்கம் அடிக்கிறது. என் பங்கில் ஒன்பது மரத்தில் வந்துவிட்டது. ஒன்பதிலும் நானே ஏணி போட்டு ஏறிக் கிளைகளை அறுத்தேன். அறுக்கும்போது ஈரப் பூசணம் முகத்தில் உதிர்ந்தது. வாய்க்குள் போய்விட்டது. எத்தனை தடவை துப்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

வாடை வருகிறதா என்று கேட்டாயே. வருகிறது. மரத்திலிருந்து வருவதைவிட உன் கடிதத்திலிருந்து அதிகம் வருகிறது. எதையோ மறைக்கிறாய். தோப்பை யாருக்காவது பேசி முடித்துவிட்டாயா? அதனால்தான் வாயைத் திறந்து சொல்லப் பயப்படுகிறாயா? எதுவானாலும் சொல். கார்த்திகை பிறப்பதற்குள் போன் வராவிட்டால் நான் பார்த்துக்கொள்வேன்.

ஜெயசுதா

*

கீழப்பூண்டி,
08.12.2021

முத்தமிழுக்கு.

விசாரிப்பெல்லாம் இந்தத் தடவை கிடையாது.

போன் வரவில்லை, கடிதமும் வரவில்லை. உன் மரத்தை நான் வெட்டிவிட்டேன். உடையவன் சொல்லிவிட்டான் என்று பொய் சொல்லி, வெளியூர் ஆள் நாலு பேரைக் கூட்டிவந்து வெட்டினேன். என் பெயரில் வழக்குப் போடு. ஸ்டேஷனில் உட்கார வை. வந்து உட்காருகிறேன்.

பதினான்கு மரத்தை இடுப்பளவு விட்டு மொட்டையடித்தாயிற்று. அதில் ஒன்பது மரம் அழுகினது, சந்தேகமில்லை. வேலியோரம் இருந்த ஐந்திலும் நோய் இருந்ததா என்று நான் நின்று பார்க்கவில்லை. கோபத்தில் அதையும் அறுங்கடா என்றுவிட்டேன். பதினைந்தாவது மரத்தில் ரம்பம் வைக்கும்போது பழனிவேல் அந்த வழியாக வந்தான். "ஒடயவரு சொல்லிட்டாராக்கா? எந்தப் போன்ல?" என்று கேட்டான். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு ஆம்பளைகள் முன்னால் பொய்க்காரியாக நின்றேன். இன்னும் இருபத்துநாலு மரம் அப்படியே நிற்கிறது.

பசை கலக்கவும் ஒரு கூத்து நடந்தது. உன் மாமா ரெட்டிபாளையத்திலிருந்து சுண்ணாம்புக்கல் பொடி ஒரு மூட்டை கொண்டுவந்தார். எல்லாம் சுண்ணாம்புதானே என்றார். சுடாத கல்லைப் பொடித்தால் அது சுண்ணாம்பாகிவிடுமா? மயில்துத்தக் கரைசலில் போட்டு அரிவாளை முக்கிப் பார்த்தேன், செக்கச் சிவந்துபோனது. துத்தத்தின் காரம் அடங்கவில்லை என்று அர்த்தம். அதைப் பூசியிருந்தால் மிச்சமிருந்த பட்டையும் வெந்திருக்கும். கீழே கொட்டிவிட்டு, காளவாய்ச் சுண்ணாம்பு வாங்கிப் புதிதாகக் கலக்கினேன். உன்னால் உன் மாமாவுக்கும் என்னிடம் திட்டு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நோயை மூடி வைத்துக்கொண்டு ஊருக்குப் பரப்புகிறவனை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன்னைத் தம்பி என்று எழுதவும் கை கூசுகிறது.

ஜெயசுதா

*

பெரம்பலூர்,
27.12.2021

அக்காவுக்கு.

நலம் என்று எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. இந்தத் தடவை அதை எழுதவில்லை.

கொரோனாவிலிருந்து வீடு திரும்பிய பத்தாம் நாள் இடது கன்னம் மரத்துப்போனது. பிறகு மூக்கிலிருந்து கறுப்பாக வந்தது. டாக்டர் கறுப்புப் பூஞ்சை என்றார். கொரோனாவுக்குக் கொடுத்த மருந்தில் சர்க்கரை ஏறிவிட்டது, ஏறின சர்க்கரையில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. திருச்சியில் ஆபரேஷன் செய்தார்கள். முதல் தடவை கொஞ்சம் எடுத்தார்கள். நல்ல இடம் என்று விட்ட இடத்திலும் இருந்தது. இரண்டாம் தடவை இடது கண்ணையும் எடுத்தார்கள், இடது மேல்தாடையையும் அண்ணத்தில் பாதியையும் எடுத்தார்கள். ஊசி மருந்துக்காகச் சத்யப்பிரியா ஒன்பது நாள் வரிசையில் நின்றாள். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினது நான்தான். அவளை ஏதும் சொல்லாதே.

என் வாடை எனக்கே பிடிக்கவில்லை. கஞ்சி குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. அண்ணத்துக்குப் பதிலாக ஒரு பிளேட் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டினால் ஓரளவு சாப்பிடலாம். பேச்சு மட்டும் வரவில்லை, எல்லாம் மூக்கில் ஊளையாகப் போகிறது. உன் முதல் கடிதம் வந்த அன்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, "வெட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அந்தச் சத்தத்தைப் போனில் பழனிவேல் கேட்பதை நினைத்தேன். அதற்கு முன்பும் நீ போன் போட்டபோதெல்லாம் அதே பாத்ரூமுக்குள்தான் போய் நின்றேன். ஆகையால் நான் குளிக்கிறேன் என்று சத்யப்பிரியா சொன்னது முழுப் பொய் இல்லை.

அபிநயா இரண்டு மாதம் என் கிட்டே வரவில்லை. இப்போது வருகிறாள், வலது பக்கமாக.

நோயைப் பரப்புகிறவன் என்று எழுதியிருந்தாய். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிதத்தைத் தொட்டதற்காகக் கை கழுவ வேண்டாம். தோப்பை நான் யாருக்கும் பேசவில்லை.

முத்தமிழ்

*

கீழப்பூண்டி,
12.01.2022

என் தம்பி முத்தமிழுக்கு.

உன் வீட்டுக்கு வந்து திரும்பி ஆறு நாள் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது, சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

நேரில் சொல்லாத ஒன்றை இதில் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து வருவதற்குத் துடித்தேன். கோழிக்குழம்பு வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன். பார்த்ததும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். கட்டிக்கொள்ளவும் செய்தேன். நீ சாப்பிட்டு முடித்து, பிளேட்டைக் கழற்றிக் குழாயில் கழுவினாய். அப்போது உன் வாயைப் பார்த்தேன். அந்த வாடை என் மூக்கில் ஏறியது. கொல்லைப்புறம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் நின்றவனிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ தலையாட்டினாய். நோட்டில் "மோர் குடி" என்று எழுதிக் காட்டினாய்.

பஸ் எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது, அதுதான் நிஜம். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த கை இது. புழு வைத்த பழத்தை, பூசணத்தை, மாட்டின் புண்ணை எல்லாம் தொட்ட கை. கூடப் பிறந்தவனின் புண்ணைப் பார்த்தால் மட்டும் எனக்குக் குமட்டுகிறதாம். இந்த ஆறு நாளாக என்னை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. டிசம்பரில் நான் எழுதின கடிதத்தை நினைத்தால் அதைவிட.

அன்றைக்கு முழுக்க நீ ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எல்லாவற்றையும் எழுதியே காட்டினாய். உன் மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை முத்தமிழ். நான் வெட்டினது தப்பு. போன் போட்டுத் திட்டு. எந்தச் சத்தம் வந்தாலும் வரட்டும், கேட்டுக்கொள்கிறேன். மாசியில் மறுபடி வருகிறேன். என் முன்னாலேயே பிளேட்டைக் கழற்று. பழகுகிற வரைக்கும் பார்க்கிறேன்.

சத்யப்பிரியாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ஜெயசுதா

*

பெரம்பலூர்,
02.02.2022

அக்காவுக்கு வணக்கம்.

உடம்பு முன்பைவிடப் பரவாயில்லை. மாமாவின் இருமலை எழுதவே இல்லையே.

நீ வரவேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ வாந்தி எடுத்த சத்தம் உள்ளே கேட்டது. அது எனக்குப் புதிதில்லை, நான் முதல் தடவை கண்ணாடி பார்த்தபோது எடுத்ததுதான். நீ பொய்யை ஒத்துக்கொண்டு எழுதினாய், அது போதும். வேறு யாரும் ஒத்துக்கொள்வதில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். பஸ் ஓனர் "பாசஞ்சர்லாம் பயப்படுவாங்க முத்தமிழு, கொஞ்ச நாளு போவட்டும்" என்கிறார். என்னிடம் பேசுகிறவர்கள் மெதுவாக, சத்தமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறார்கள். போனது வாயும் கண்ணும்தான், காது நன்றாகக் கேட்கிறது. அவர்கள் இரக்கப்படும்போதுதான் எனக்கு மனிதர்களைக் கண்டாலே வெறுப்பாக வருகிறது.

திட்டச் சொல்லியிருந்தாய். கேள். வேலியோரம் ஐந்து மரமும் நான் விருத்தாசலத்தில் ஒட்டுக் கன்றாக வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, கால் நீட்டக்கூட இடமில்லாமல் கொண்டுவந்து நட்டவை. அவற்றில் நோய் வந்திருக்காது. கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம் நீ. உன் கண் இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது?

மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். எழுதினால் சூடு இறங்கிவிடுகிறது. நான் நினைக்கிற மாதிரி திட்ட வரவில்லை.

முத்தமிழ்

*

கீழப்பூண்டி,
21.02.2022

என் தம்பிக்கு.

மாமாவின் இருமல் நின்றுவிட்டது. நேற்று நடந்ததை அவர் சிரித்துச் சிரித்துப் பேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

உனக்கு அந்தப் பக்கம் குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை தோப்பில் இருந்தேன். என் பங்கில் பூத்திருக்கிறது, உன் பங்கின் இருபத்துநாலும் முன்பைவிட அதிகமாகக் காய்ந்துபோய் நிற்கிறது. பழனிவேலும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்துக் கொல்லையில் வேலையாக இருந்தார்கள். உன் நம்பரிலிருந்து போன் வந்தது. சத்யப்பிரியா என்று நினைத்து எடுத்தேன். மூக்கில் ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். நீதான் என்று புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று.

ஓடிப்போய்ப் பழனிவேலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நீ சொன்னாய். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பழனிவேல் மட்டும் போனுக்குக் கிட்டே குனிந்து, "அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான். நீ சொன்னாய். "இன்னொரு தடவண்ணே" என்றான். மறுபடி சொன்னாய். இவன் உன்னை வேடிக்கை பார்க்கிறான் என்று எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. போனைப் பிடுங்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"வெளங்கிடுச்சுண்ணே. காஞ்ச கெளைய மட்டும் எடுக்கணும், அடிமரத்துல கை வைக்கக் கூடாது. வேலியோரக் கட்டையில துளுத்தா, அத மாடு கடிக்காம முள்ளு கட்டணும். சரிங்களாண்ணே?" என்றான். அவன் உன்னிடம் மெதுவாகவும் பேசவில்லை, சத்தமாகவும் பேசவில்லை. எல்லாரிடமும் பேசுகிற மாதிரிதான் பேசினான். நீ ஏதோ சொன்னாய். அவன் நிமிர்ந்து, "ஒடயவரு சொல்லிட்டாரு. ரம்பத்தை எடுங்கடா" என்றான்.

நீ போனை வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தாய். மூச்சு விடாமல் நாலைந்து நிமிஷம். சில இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாய். நான் அழுதுகொண்டே கேட்டேன். அருவருப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. போகாமலும் இருக்கலாம், அப்போது அதைத் தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை. என்ன சொல்கிறாய் என்று பிடிக்கவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பழனிவேல் மரத்தில் ஏறினவன் பாதியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா சொல்றான்?" என்று கேட்டேன்.

"ஒங்களைத் திட்டறாருக்கா."

"அது தெரியுது. என்னன்னு திட்டறான்?"

அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அதெல்லாம் என் வாயால சொல்ல முடியாதுக்கா. அவரே சொல்லட்டும்."

இன்று காலை வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பயல் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே நேரத்துக்குப் போன் போடு. வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன். முதலிலிருந்து திட்டு. புரிகிற வரைக்கும் திட்டு.

அக்கா,
ஜெயசுதா